வெப்பம் தெரியாத கப்பல்கள்

2 அக்டோபர் 2008, அலெக்சாந்திரியா

பன்னிரண்டு கோள்களின் அரசரும், குவைத்தில் இருக்கும் என் கணவருமான விஸ்ஸாமுக்கு,

பெருநாள் வாழ்த்து. பெருநாள் பிஸ்கட் கஹ்க் சுட்டேன், அடியில் கொஞ்சம் தீய்ந்துவிட்டது. நீ இருந்திருந்தால் குறை சொல்லிக்கொண்டே அத்தனையையும் தின்றிருப்பாய். போனில் பேசினால் நமக்குச் சண்டையில்தான் முடிகிறது. அதனால் நம் விண்வெளி ஆட்டத்தின் வழியாகவே எழுதுகிறேன். ஆட்டத்தில் நாம் இடும் கட்டளைகளும் அவற்றோடு வைக்கும் கடிதங்களும் வியாழன் மாலைதான் ஒன்றாகப் பிரியும் என்பது ஒரு வசதி. அதற்குள் கோபம் ஆறிவிடுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் கோள்கள் ஒவ்வொன்றாக அணைந்துவிட்டன. ஆலையோ எஞ்சினோ நகர விளக்கோ, எது எரிந்தாலும் அதன் வெப்பம் என் செவிக்கோபுரத்துக்கு எட்டிவிடும். கல்லூரிக் கணினி அறையில் நாம் ஆடிய நாட்களில் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். "சமீஹா, அந்தப் பக்கம் யாராவது குடியிருக்காங்களா, பாத்துச் சொல்லேன்!" இந்த வாரம் உன் பக்கம் ஒரு பொட்டு வெப்பம்கூட இல்லை.

கல்யாணத்தன்று நாம் போட்ட ஒப்பந்தம் ஒன்றே ஒன்றுதான்: ஒருவரிடமிருந்து ஒருவர் வெப்பத்தை மறைக்கக் கூடாது. கல்யாணப் பத்திரம் என்று நினைத்து உன் மாமா அதற்கும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். இப்போது ஏன் மறைக்கிறாய்?

ஏழு சூரியன்களின் அரசி,
சமீஹா


9 அக்டோபர் 2008, குவைத்

என் அரசிக்கு,

பயப்படாதே. பீரங்கியைத் தொடாதே. இன்னும் கொஞ்ச நாளில் உனக்கே தெரியும்.

அந்தத் தீய்ந்த கஹ்க்கில் நாலு எடுத்து வை. இப்ராஹிமிய்யா டிராமை நினைத்துக்கொண்டேன். ஜன்னலோரம் எப்போதும் உனக்கு, தொங்கிக்கொண்டு வருவது எனக்கு. அப்படித் தொங்கிய நாட்களுக்காக ஏங்குகிறேன், சமீஹா.

உன் விஸ்ஸாம்


16 அக்டோபர் 2008, அலெக்சாந்திரியா

விஸ்ஸாம்,

"பீரங்கியைத் தொடாதே" என்று கல்லூரியிலும் ஒரு முறை எழுதினாய். அன்று எஞ்சினை அணைத்து, கப்பல்களைச் சும்மா மிதக்கவிட்டு, என் தலைநகருக்குப் பின்னால் வந்து நின்றாய். "என்னம்மா அரசி, செவியில பஞ்சு வச்சிருக்கியா?" என்று அறையே அதிரச் சிரித்தாய். நானும்தான் சிரித்தேன். அப்போது நாம் ஒரே தட்டில் சாப்பிட்டோம்.

இப்போது என் எல்லையில், அன்ஃபூஷி கோளுக்கு அருகே, உன் கப்பல் கூட்டம் ஒன்று மிதந்து வருகிறது. எஞ்சின் வெப்பம் இல்லை. உள்ளே மட்டும் லேசான கதகதப்பு. குண்டுகள் உறைந்துவிடாமல் காக்கும் கதகதப்பு அது, எனக்குத் தெரியாதா?

உன் போனும் அணைந்திருக்கிறது. உன் அறைத்தோழர் ருஷ்தியைக் கூப்பிட்டேன். "காலி பண்ணிட்டுப் போயிட்டான் தங்கச்சி. எங்கேன்னு சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கான்" என்றார். ஒரு வருடம் என்று போனவன் ஐந்து வருடம் ஆக்கினாய். இனி இன்னும் தூரமா? என்னை விட்டுப் போவதென்றால் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம்.

சுடச் சொல்லிக் கட்டளை கொடுத்துவிட்டேன்.

சமீஹா


16 அக்டோபர் 2008, குவைத் விமான நிலையம்

சமீஹா,

இது பிரியும்போது என் கப்பல்கள் உன் துறைமுகத்தில் இருக்கும். அவற்றில் ஓர் ஆயுதமும் இல்லை. என் ஜனங்கள் அத்தனை பேரும் இருக்கிறார்கள். ஆலைகளை மூடினேன், இருந்த எரிபொருளில் ஒரே தள்ளு, மீதித் தூரம் மிதந்தே வருகிறார்கள். பன்னிரண்டு கோள்களையும் விட்டுவிட்டேன். இங்கே வேலையையும்தான்.

ஊருக்கே திரும்பி வருகிறேன் என்று போனில் சொன்னால் "இதைத்தானே போன வருஷமும் சொன்னே" என்பாய். அதனால் சொல்லாமல் செய்கிறேன். இன்று வழியில் தாந்தா ஊரில் என் ஜலால் அண்ணன் வீட்டில் இறங்குகிறேன். அவர்களை நீ சேர்த்துக்கொண்டிருந்தால் நாளைக் காலை ரயிலில் நானும் வருவேன். இல்லையென்றால் புரிந்துகொள்வேன். தொந்தரவு செய்ய மாட்டேன்.

விஸ்ஸாம்


17 அக்டோபர் 2008, தாந்தா

விஸ்ஸாம்,

ஆட்டத்தின் வழியாக அனுப்பினால் இது அடுத்த வியாழன்தான் பிரியும். அதனால் கையால் எழுதி ஜலால் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "நேத்து கம்ப்யூட்டரைப் பாத்தவன் அதுக்கப்புறம் சாப்பிடவே இல்ல. என்னம்மா பண்ணின அவனை?"

சுட்டேன். உன் கடிதமும் என் கட்டளையும் ஒன்றாகவே பிரிந்தன. முன்வரிசைக் கப்பல்கள் அழிந்துவிட்டன. திரும்பிப் போக எரிபொருள் இல்லாததால் மற்றவை அப்படியே மிதந்து வந்து சேர்ந்தன. எல்லோரையும் அன்ஃபூஷியில் இறக்கச் சொல்லியிருக்கிறேன்.

மூச்சின் கதகதப்பைக் குண்டு என்று நினைத்தேன். இத்தனை வருட ஆட்டத்தில் ஆயுதமில்லாமல் என்னிடம் யார் வந்தார்கள், எனக்கு அது தெரிய? போனவர்களுக்காக ரயிலில் அழுதுகொண்டே வந்தேன். நீ சொல்லாமல் கிளம்பியதற்குக் கோபமும் இருக்கிறது. அதை நேரில் காட்டுகிறேன்.

எதிர் டீக்கடையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். கஹ்க் பையில் இருக்கிறது, தீய்ந்ததுதான். மாலை மஃரிப் தொழுகை நேரமாகித் தெருவெல்லாம் வெளிச்சம் வந்துவிட்டது. உங்கள் பால்கனி மட்டும் இருட்டாக இருக்கிறது. என்னோடு வருவதாக இருந்தால் அந்த விளக்கைப் போடு. பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சமீஹா