எந்த வீட்டுக்காரர்?

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்தே காற்று. வெயிலும் குறையவில்லை. கொடியில் ஒரு துணி நிற்கவில்லை.

பீஸ் மறுபடி போனது, சட்னி அரைக்கும்போது. தேங்காய் பாதி, மிளகாய் பாதியாக மிக்சி நின்றுவிட்டது. யாழினிக்கு இட்லியும் சர்க்கரையும். "நல்லவேளை பீஸ் போச்சு" என்றாள். ஏழு வயதுக்கு இந்த வாய்.

இந்த வீட்டுக்கு வந்தபிறகு கண்ட கோளாறுகள், நினைவில் இருப்பவை:

ஹால் ஃபேன். எதில் வைத்தாலும் ஒன்றில்தான் சுற்றும்.
குளியலறை லைட். கதவைச் சாத்தினால் எரியும், திறந்தால் அணையும்.
தையல் மெஷின் மோட்டார். திடீர் திடீரென்று வேகம் எடுக்கும். ஒரு ஜாக்கெட்டின் கழுத்தே கோணிவிட்டது. புது மாடல் என்று சொல்லிக் கொடுத்தேன். அந்த அம்மாவுக்குப் பிடித்தும் போயிற்று!
அடுப்படி ப்ளக். கருகல் வாசனை.

வீ.கா.வுக்குப் போன் போட்டேன். என் போனில் 'வீட்டுக்காரர்' என்றுதான் அவர் பெயர். தோட்டத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாராம்.

"ஏனுங்க அம்மிணி, முன்னால குடியிருந்தவங்க ஒரு வார்த்த சொன்னதில்லீங்களே. ஆளக் கூட்டியாந்து பாத்துக்குங்க. செவுத்துல ஆணி கீணி மட்டும் அடிச்சுப்போடாதீங்க. வாசல்ல ஒரு கீறல் உழுகப்படாதுங்க."

வாசல், வாசல். தை மாதம் மகள் நிச்சயத்துக்காகச் சிமென்ட் போட்டு இழைத்தாராம். அதில் யாழினி சைக்கிள் ஓட்டக்கூடாது. நான் கட்டிலை இழுக்கக்கூடாது. காலி செய்யச் சொல்வதென்றால் அந்த வாசலுக்காகத்தான் சொல்வார். சொன்னால் எங்கே போவது? பள்ளிக்கூடம் நடக்கிற தூரம், தைக்கக் கொடுப்பவர்கள் எல்லாம் இந்தத் தெருவிலேயே. கெங்கவல்லியிலிருந்து இந்தத் திருச்செங்கோட்டுக்கு வந்து, இப்போதுதான் நாலு பேர் என்னை 'டைலரக்கா' என்கிறார்கள்.

சாயங்காலம் பாப்பா அப்பா பேசினார், மத்தியப் பிரதேசத்திலிருந்து. பின்னால் ரிக் வண்டி கத்துகிறது, போர் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கரண்ட் கதை முழுவதும் சொன்னேன்.

"ஓனர்கிட்ட சொல்லு. இல்லன்னா நீயே பாத்துக்கோ."

'நீயே பாத்துக்கோ.' கல்யாணமான நாளிலிருந்து இதுதான். ஸ்கூலில் சேர்க்க, வீடு பார்க்க, அவர் சட்டைக்குக் கலர் பார்க்க, எல்லாம் நானே. அதையே பெயின்டால் வண்டியின் பின்னால் எழுதிக்கொள்ளலாம். ஆனால் இன்று கொஞ்ச நேரம் கழித்துத் தானே திரும்பக் கூப்பிட்டார். வண்டியில் கூட இருப்பவரின் மச்சான் ஒருவர் இங்கே எலக்ட்ரீஷியனாம், முருகேசன். பேசிவிட்டாராம், நாளைக்கு வருவாராம். சூரியன் எந்தப் பக்கம் உதித்தது என்று பார்க்க வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

முருகேசன் வந்தார். நாற்பது வயதிருக்கும். பேசிக்கொண்டே வேலை செய்கிறார், பேச்சு நின்றால் வேலையும் நிற்கிறது. ஃபேனுக்குக் கண்டென்சர் மாற்றினார். அடுப்படி ப்ளக் கரிக்கட்டை, அதையும் மாற்றினார்.

"இனி உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லீங்க்கா."

ஃபேன் பறக்கிறது. வெட்டி வைத்த துணியெல்லாம் ஹால் முழுக்க. சந்தோஷம்தான்.

நூல் வாங்க வேண்டும்: மயில் பச்சை, வாடாமல்லி. கொக்கி ஒரு அட்டை.

ஜூன் 11, புதன்

யாழினிக்கு ஷாக்.

பள்ளிவிட்டு வந்து கால் கழுவிவிட்டு, ஈரக்காலோடு போய் ஃப்ரிட்ஜைத் திறந்திருக்கிறாள். நான் ஹாலில் ஒரு கல்யாண ஜாக்கெட்டுக்கு இஸ்திரிப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தேன். அலறல். ஓடினால் கையை மார்போடு வைத்துக்கொண்டு சுவரோரம் நிற்கிறாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அம்மா, ஃப்ரிட்ஜு என்னைக் கடிச்சிருச்சு."

கை, கால், மார்பு, எல்லாம் தொட்டுப் பார்த்தேன். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். ஒன்றுமில்லை என்றார். எனக்குத்தான் இன்னும் ஒன்றும் சரியாகவில்லை. மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அவள் என்னைச் சமாதானப்படுத்தினாள்.

ஃப்ரிட்ஜ் முன்னால் துணி வெட்டும் மரப்பலகையைப் போட்டேன். பக்கத்தில் ரப்பர் செருப்பு. கைப்பிடியில் கனமாகத் துணி சுற்றினேன். செருப்பு போடாமல் கிட்டே போகக்கூடாது, துணியைத் தவிர வேறு எதையும் தொடக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். நம்பிக்கை இல்லாமல் ஃப்ரிட்ஜையும் அணைத்துவிட்டேன். மாவு புளிக்கும், புளிக்கட்டும்.

பாப்பா அப்பாவிடம் சொன்னேன். போனைப் பாப்பாவிடம் கொடுக்கச் சொன்னார்.

ஜூன் 12, வியாழன்

முருகேசன். ஃப்ரிட்ஜைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"பாடி அடிக்குதுங்க்கா."

லாரிக்கும் ரிக்குக்கும் பாடி கட்டுகிற ஊரில் ஃப்ரிட்ஜுக்கும் பாடியா என்றேன். தகரத்தில் கரண்ட் வருவதற்குத்தான் அப்படிச் சொல்வார்களாம். ஃப்ரிட்ஜின் ப்ளக்கை மாற்றினார். டெஸ்டரை வைத்தார், அதன் விளக்கு எரியவில்லை. "முடிஞ்சுதுங்க்கா" என்று போய்விட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று டெஸ்டரை மட்டும் என்னிடம் கொடுத்தார்.

மத்தியானம் பெட்டி போட்டேன். நடுவில் தண்ணீர் குடிக்கப் போய், ஒரு சந்தேகத்தில் ஃப்ரிட்ஜ் கதவில் டெஸ்டரை வைத்தேன். பளிச்சென்று எரிகிறது! திரும்பி வந்து இஸ்திரிப் பெட்டியை அணைத்தேன். போய் வைத்தேன். எரியவில்லை. மறுபடி போட்டேன். எரிகிறது.

ஹாலில் நான் பெட்டி போட்டால் அடுப்படியில் ஃப்ரிட்ஜ் அடிக்கிறது.

அப்படியானால் நேற்று அவளுக்கு அடித்தபோது பெட்டி என் கையில்தான் இருந்தது. சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

முருகேசனுக்கு நேற்றைய விஷயத்தைச் செய்து காட்டினேன். தலையைச் சொறிந்தார். "இத மொதல்லயே பாத்திருக்கோணுமுங்க" என்றார்.

அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது: இஸ்திரிப் பெட்டியில் வயர் தேய்ந்து கரண்ட் கசிகிறது. கசிந்தது எர்த் கம்பி வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். போக வழி இல்லை, அதனால் அதே கம்பியில் இருக்கிற ஃப்ரிட்ஜுக்கு வருகிறது. இன்றைக்குப் பெட்டி, நாளைக்கு மிக்சி. எது கசிந்தாலும் ஃப்ரிட்ஜில் வந்து நிற்கும்.

"எர்த்துக் குழி எங்கீங்க்கா?"

மீட்டர் பெட்டியிலிருந்து கம்பி இறங்குகிறது. சுவரோரம் வருகிறது. நேராக வாசல் சிமென்டுக்குள் போய்விடுகிறது.

இரண்டு பேரும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஒடைச்சுத்தானுங்க்கா பாக்கோணும்."

பள்ளிக்கூடம் விடுகிற நேரம். "வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்டுட்டு உடைங்க. அவர் சம்மதிக்காம கைவைக்க வேணாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். முடியாது என்றுதான் சொல்வார், வேறு வீடு பார்க்க வேண்டியதுதான் என்று வழியெல்லாம் யோசனை.

திரும்பி வந்தால் வாசலில் குழி.

"கேட்டீங்களா?"

"கேட்டுப்போட்டனுங்க்கா. ரண்டாவது பேச்சே இல்லீங்க. ஒடனே ஒடைங்கன்னாரு. புள்ளைக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா வாசல வெச்சுட்டு என்ன பண்றதுன்னு கேட்டாருங்க."

வீ.கா.வைப் பற்றி என்னவெல்லாம் நினைத்திருக்கிறேன். கஞ்சன், வாசல் பைத்தியம், இன்னும் எழுதக்கூடாத ஒன்று. நன்றி சொல்லக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வழக்கம்போல ஞாயிறன்று தோட்டத்துத் தேங்காய் எடுத்துக்கொண்டு வருவார். நல்ல டம்ளரில் காபி கொடுக்க வேண்டும்.

குழிக்குள் கம்பியின் முனை கிடந்தது. சிமென்ட் போட்ட கொத்தனார் வெட்டிவிட்டிருக்கிறார். மண்ணில் இறங்கும் பழைய எர்த் குழாய் துருப்பிடித்துப் பொடி. புதுக் குழாய் திங்களன்றுதான் கிடைக்குமாம். இஸ்திரிப் பெட்டியைப் பரணில் ஏற்றினேன்.

ஜூன் 14, சனி

குழியைச் சுற்றி நாற்காலிகள். யாழினி காவல். "பள்ளம், பள்ளம்" என்று கீரைக்காரம்மாவைக்கூட விடவில்லை.

பாப்பா அப்பாவுக்குப் போன் போகவில்லை. காட்டுக்குள் எங்கோ வண்டி நிற்கிறது போலிருக்கிறது. வீ.கா. எவ்வளவு நல்லவர் என்று சொல்ல ஆசையாக இருந்தது.

எட்டு ஜாக்கெட்டுக்குப் பெட்டி போட வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டில் போட்டுக்கொண்டு வந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

நல்ல டம்ளரைக் கழுவி வைத்திருந்தேன். வீ.கா. பைக்கை நிறுத்தினார். தேங்காய் மூட்டை கீழே விழுந்தது. ஒரு காய் உருண்டு குழிக்குள் போயிற்று.

"அட கடவுளே. யாரக் கேட்டுங்க அம்மிணி வாசல ஒடைச்சீங்க?"

"உங்களைக் கேட்டுத்தாங்க."

"என்னையா?"

"முருகேசன் போன்ல கேட்டாரே. உடனே உடைங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"எந்த முருகேசன்? எனக்கு ஒருத்தனும் போன் பண்ணலீங்க!"

அங்கேயே முருகேசனுக்குப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். யாரிடம் கேட்டீர்கள் என்றேன். அவர் குரலில் ஒரு கலக்கமும் இல்லை.

"உங்க ஊட்டுக்காரருகிட்டத்தானுங்க்கா. வடக்க, ரிக்கு வண்டில இருக்கறாரே. அவரு நம்பர்தானுங்க எங்கிட்ட இருக்குது."

எனக்கு வீட்டுக்காரர் என்றால் வீட்டுக்குச் சொந்தக்காரர். கட்டினவர் பாப்பா அப்பா. முருகேசனுக்கு வாசலுக்குச் சொந்தக்காரர் 'ஓனரு', ஊட்டுக்காரர் என்றால் கட்டினவர். நான் சொன்னதை அவர் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார். இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

வீ.கா. குரல் ஏறியது. "அடுத்தவன் வாசல ஒடைக்கச் சொல்ல அவருக்கு என்னுங்க பாத்தியத? மூடுங்க. இன்னிக்கே மூடுங்க. இல்லாட்டி வேற ஊடு பாத்துக்குங்க."

நினைத்த வார்த்தை வந்தேவிட்டது. வந்தபிறகு ஏனோ பயம் போய்விட்டது. மூடினால் இந்த வீட்டில் இருக்கலாம். ஆனால் மூடிவிட்டு இந்த வீட்டில் எப்படி இருப்பது?

"உள்ள ஒரு நிமிஷம் வாங்க" என்றேன். பரணிலிருந்து இஸ்திரிப் பெட்டியை இறக்கி ஹால் ப்ளக்கில் மாட்டினேன். யாழினியைத் தள்ளி நிற்கச் சொன்னேன். அடுப்படியில் ஃப்ரிட்ஜ் கதவில் டெஸ்டரை வைத்தேன். எரிந்தது.

பார்த்தார். துணி சுற்றிய கைப்பிடியைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். சின்னச் செருப்பைப் பார்த்தார்.

"இது யாருதுங்க?"

"என்னுது" என்றாள் யாழினி. "செருப்பு போடலன்னா கடிக்கும் தாத்தா."

அவர் வெறுங்காலோடு நின்றிருந்தார். மெதுவாகப் பலகைமேல் ஏறி நின்றுகொண்டார்.

பெட்டியை அணைத்தேன். அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் அவர் இறங்கவில்லை.

"அங்க குழி இருந்துச்சுங்க அம்மிணி" என்றார் பிறகு. "வெயக்காலத்துல ஈரங் காயப்படாதுன்னு ஒரு கொடம் தண்ணி நாந்தான் ஊத்துவேன். வாசல் போடற அவசரத்துல மறந்தே போச்சுங்க. ஏஞ்சாமி, கை நல்லாருக்குதா? காட்டு பாக்கலாம்."

யாழினி இரண்டு கையையும் காட்டினாள்.

காபி குடித்தார். நல்ல டம்ளரில்தான். போகும்போது கேட்டார்:

"ஒண்ணு கேக்கறேனுங்க. நான் வீட்டுக்காரர்ன்னா அப்ப அவரு யாருங்க?"

பைக் தெருமுனை போகும்வரை அவர் முதுகு குலுங்கியது, சிரிப்புத்தான்.

சாயங்காலம் லைன் கிடைத்தது. பாப்பா அப்பாவிடம் முழுக்கதையும் சொன்னேன்.

"அது யாரு வாசல்னு நான் யோசிக்கவே இல்ல. பாப்பா தொடுற இடத்துல கரண்ட் வருதுன்னார். உடைங்கன்னேன்" என்றார். அப்புறம், "பூமிய ஓட்டை போடறதுதானே நம்ம தொழிலு" என்றார்.

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. 'நீயே பாத்துக்கோ' என்று அவர் சொல்லாத ஒரு நாள், எனக்குத் தெரியாமலே கடந்து போயிருக்கிறது.

போனில் இரண்டு பெயர்களை மாற்றினேன்.

ஜூன் 16, திங்கள்

மேகமூட்டம். மழை இல்லை.

முருகேசனுக்கு முன்னாலேயே வீ.கா. (இனி ஓனர்) வந்துவிட்டார். குழிக்கு வேண்டிய உப்பும் கரியும் அவரே கொண்டுவந்திருந்தார். குழாயை இறக்கி, கரி, உப்பு, மண் என்று மாற்றி மாற்றிப் போட்டார்கள். இந்தத் தடவை சிமென்ட் வேண்டாம், மூடி போட்டால் போதும் என்று ஓனரே சொன்னார்.

கடைசியில் அந்தப் பழுதான இஸ்திரிப் பெட்டியை முருகேசன் வேண்டுமென்றே மாட்டினார். பட்டென்று பீஸ் போனது.

"இப்பத்தானுங்க்கா சரி. கசியற கரண்டு மண்ணுக்குப் போவுதுங்க. பீஸ் போச்சுன்னா ஆளு தப்பிச்சுக்கலாமுங்க."

பீஸ் போகிறதென்றுதான் இவ்வளவும் ஆரம்பித்தது. சரி, போகட்டும்.

பெட்டிக்குப் புது வயர். எல்லாவற்றையும் போட்டு, டெஸ்டர் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு நான் முதலில் தொட்டேன். குளிர்ச்சி மட்டும்தான். துணியை அவிழ்த்தேன். பலகையை எடுத்தேன். யாழினி நம்பவில்லை. செருப்பு போட்டுக்கொண்டுதான் மோர் எடுத்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் போன் அடித்தது. வாடாமல்லி ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். யாழினி எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"வீட்... டுக்... காரர். அம்மா, ஓனர் தாத்தா கூப்பிடறாரு."

"எடுத்துப் பாரு."

எடுத்தாள். "அப்பா!" என்றாள். என்னை ஒருமுறை பார்த்தாள், போனை ஒருமுறை பார்த்தாள். பிறகு போனைத் தூக்கிக்கொண்டு நேரே ஃப்ரிட்ஜ் முன்னால் போய் நின்றாள்.

"அப்பா, செருப்பைக் கழட்டலாமா?"

"அம்மா தொட்டாச்சா?"

"தொட்டாச்சு."

"அப்ப கழட்டு."

கழற்றினாள்.