ஞாயிற்றுக்கிழமை வெப்பம்

மார்ச் 11, 2025
கண் எரிகிறது. மலைமேல் தேயிலைத் தோட்டத்துக் கம்பவுண்டர், மருந்தகச் சுவரில் தொங்கிய தெர்மாமீட்டரைப் பார்த்து 1931 முதல் 1950 வரை தினமும் எழுதிவைத்த வெப்பநிலை. கடைசி நோட்டும் இன்று கணினியில் ஏறியது. ஆறு வருஷ ஆய்வு. பழைய வெப்பத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி மாதிரியைவிட, 1939-க்குப் பிறகு நோட்டில் ஒன்றரை டிகிரி கூடுதல். மாதிரிதான் தப்பு என்று வழிகாட்டி நெல்லையப்பன் சாரும் நானும் ஆய்விதழுக்குக் கட்டுரையே அனுப்பிவிட்டோம். முதல் பெயர் என்னுடையது.

மார்ச் 14
சும்மா, கிழமை வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். 1939-இலிருந்து ஞாயிறு மட்டும் குளிர்ச்சி. வெயிலுக்கு ஏது வார விடுமுறை?

மார்ச் 15
எல்லா நோட்டையும் மறுபடி எண்ணிப் பார்த்தேன். அதே ஞாயிறுதான்.

மார்ச் 18
1939 நோட்டில் ஒரு வரி: ‘மருந்தகம் புதுக் கட்டடத்துக்கு மாறியது.’ அந்தத் தோட்டத்தில் வேலை பார்த்து, போன வருஷம் கீழே இறங்கிவந்த சுடலைவடிவு அக்காவை ரெட்டியார்பட்டியில் போய்ப் பார்த்தேன். “ஆஸ்பத்திரி செவரும் ஃபேக்டரி அடுப்புச் செவரும் ஒண்ணுல்லா? மழைக்கு அங்கனதாம் துணி காயப்போடுவோம். ஞாயித்துக்கெழம மட்டும் அடுப்பு பத்தவைக்க மாட்டாவ.”

ஆக, பன்னிரண்டு வருஷமாக அந்தத் தெர்மாமீட்டர் காட்டியது தேயிலை உலர்த்தும் அடுப்பின் சூடு. நான் அதைப் போய்— சே.

மார்ச் 20
சாரிடம் சொன்னேன். வரைபடத்தைத் திருப்பித் தந்தார். பிறகு, “யாருக்கும்மா தெரியப்போவுது?” என்றார்.
“எனக்குத் தெரியுமே, சார்.”
“மே மாசம் நான் ரிட்டயர்டு. இதுதான் என் கடைசிக் கட்டுரை.”
கத்தியிருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 24
கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதி அனுப்பிவிட்டேன். சாருக்கும் ஒரு பிரதி. பதில் இல்லை.

ஏப்ரல் 9
வாரநாட்களை எல்லாம் தள்ளிவிட்டு ஞாயிறுகளை மட்டும் மாதிரியோடு வைத்துப் பார்த்தேன். ஒத்துப்போகிறது. ஏழில் ஒரு நாள்தான் மிச்சம். சந்தோஷப்பட வேண்டும், இல்லையா? தூக்கம்தான் வருகிறது.

மே 30
சாருக்குப் பிரிவுபசார விழா. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையிலிருந்து பார்த்தார். பார்த்தாரா?

ஜூன் 23
திருத்தி எழுதிய ஆய்வேட்டைச் சார் வீட்டில் போன வாரமே கொடுத்துவிட்டு வந்திருந்தேன். இன்று தபாலில் திரும்பியது. கடிதம் எதுவும் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் பென்சில் திருத்தம், கால்புள்ளிவரை. கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் சின்னதாக:

‘ஆயுத பூஜைக்கும் அடுப்பு அணைஞ்சிருக்கும்லா? அந்தம்மாகிட்ட கேளு. அதையும் சேர்த்துக்கோ.’

வருஷத்துக்கு ஒன்று. அதிகம் போனால் பன்னிரண்டு நாள் கூடும். 1939-ஆம் வருஷப் பஞ்சாங்கத்துக்கு இனி எங்கே போவது?