பன்னிரண்டு கோயிலுக்கும் முப்பது முப்பது மூச்சு

அன்பு மகள் அஞ்சுவுக்கு, அண்ணன் போனபிறகு உன்னை வளர்த்து ஆளாக்கிய சித்தப்பன் எழுதுவது. இங்கே நான், உன் சித்தி மரகதவல்லி, பசு மூவரும் சுகம், மூவரில் பசுவுக்கு மட்டும் மாத்திரை கிடையாது. அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும்.

பனச்சமூட்டு பஸ் ஸ்டாப்பில் நான் விழுந்துவிட்டேன் என்று அடுத்த வீட்டு சுனில்குமார் உனக்குப் போன் செய்தானாமே. விழவில்லை மக்கா, உட்கார்ந்தேன், கொஞ்சம் வேகமாக. ஆதியிலிருந்து சொல்கிறேன். கார்த்திகையில் ரேஷன் கடை ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. அது ஆனையே பாதியில் திரும்புகிற ஏற்றம். நெய்யாற்றின்கரையில் ஆர்யா டாக்டர் இதயத்தைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, பம்பு கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, மூச்சை இழுக்கிற சதையும் வயதில் மெலிந்துவிட்டது என்றாள். அந்தச் சதை களைத்தால் காலுக்குப் போகிற இரத்தத்தையும் தானே பிடுங்கிக்கொள்ளுமாம், இதயத்துக்கு இரட்டை வேலையாம். உறிஞ்சினால் இறுக்கிப் பிடிக்கிற ஒரு குழல் தந்து, காலையில் முப்பது மூச்சு, மாலையில் முப்பது என்றாள்.

முப்பது எனக்கு எந்த மூலைக்கு? மாசியில் சிவராத்திரி வருகிறது, பன்னிரண்டு சிவன் கோயிலுக்கும் ஓட வேண்டும். முப்பத்தெட்டு வருடம் விடாமல் ஓடிய கால் இது, நடுவில் விட்டுப்போன மூன்று வருடம் கணக்கில் சேராது. ஆகவே கோயிலுக்கு முப்பது வீதம் பன்னிரண்டு கோயிலுக்கும் ஒரே காலையில் இழுத்துத் தள்ளினேன். கோயில் மாறும்போதெல்லாம் ஓட்டத்து வழக்கப்படி விசிறியும் கையுமாக, கோவிந்தா கோபாலா என்று கத்திக்கொண்டு தொழுவம் வரை ஓடி வந்தேன். பசு மிரண்டு இரண்டு நாள் பால் தரவில்லை. மூன்றாம் நாள் பிண்ணாக்கு வாங்கப் போனவன்தான் பஸ் ஸ்டாப்பில் அப்படி உட்கார்ந்தேன். சோடாக்கடை லீலாபாய், எலே ஓடி வாங்க, அண்ணனுக்க உதடு நீலமாட்டு இருக்கு என்று கத்தி, எல்லைக்கு இந்தப்புறமும் அந்தப்புறமுமாக இரண்டு மாநிலத்தையும் கூட்டிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஆர்யா டாக்டர், மாமனை அழைக்கிற மாதிரி, அம்மாவா, இது யாரு தந்த கணக்கு என்று கேட்டாள். சிவன் தந்த கணக்காக்கும் என்றேன். அப்போ மருந்தும் அவருட்டயே வாங்குங்க என்றாள். கொழுப்பைப் பார். அளவுக்கு மீறி இழுத்ததில் சதை சோர்ந்து போய்விட்டதாம், இந்த வருடம் ஓட்டமே கூடாதாம். சித்தி அதோடு விட்டாளா? நான் ஓட்டத்துக்குக் கட்டுகிற காவி வேட்டியை நறுக்கிக் கரித்துணியாக்கி, ஓடணும்னா இதைக் கெட்டிக்கிட்டு ஓடுங்க என்று நீட்டினாள்.

புது வேட்டி வாங்கி ஒளித்து வைத்திருக்கிறேன், ஓடிவிடத்தான் நினைத்தேன். ஆனால் மக்கா, உனக்கு மட்டும் எழுதுகிறேன், ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் முகமூடிக்குள் எவ்வளவு இழுத்தும் காற்று உள்ளே வரவில்லை. எனக்குப் பயம் வந்தது. பக்கத்தில் நின்ற உன் சித்தி கையை நான்தான் பிடித்தேன், அவள் பிடித்ததாக ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். அதனால் ஓடப்போவதில்லை. முதல் கோயிலான திருமலையில் ஓட்டம் புறப்படும்போது நின்று கத்திவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவேன். குழலிலும் இப்போது முப்பதோடு சரி.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். மாத்திரை எதுவும் அனுப்பாதே, முட்டிக்குத் தேய்க்கிற களிம்பு மட்டும் அனுப்பு. நான் ஓடப்போவதில்லை என்பதைச் சித்திக்கு நீயே போனில் சொல்லிவிடு, நீ கெஞ்சிக் கேட்டதால் சம்மதித்தேன் என்று சொல். நானே சொன்னால் அவள் ஜெயித்தது போல் ஆகிவிடும்.

உன் சித்தப்பன்
தாணுமாலயன்