பக்கத்துக் கட்டில் பெண்

குற்றாலம்
12.6.2024

அன்பு மகள் சண்முகப்பிரியாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மையும் நலம். லாட்ஜில் ஒன்பது அறையும் நிரம்பியிருப்பதால் நான் கொஞ்சம் கூடுதல் நலம். சாரல் பிடித்துவிட்டது.

போன் கூடாது, ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் போனில் ஐந்து நிமிடம், மற்றபடி கடிதம்தான் என்று உன் விடுதியில் சொல்லிவிட்டார்கள். முப்பது வருடம் கழித்து இன்லண்டு லெட்டர் வாங்கத் தென்காசி தபால் ஆபீஸுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு, "யாருக்கு அண்ணாச்சி லெட்டரு?" என்று ஒரு பார்வை பார்த்தாள். மகளுக்கு என்றேன். நம்பவில்லை.

எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கிறது. பிளஸ் ஒன் சேர்ந்து மூன்று நாள் ஆகவில்லை, அதற்குள் பிளஸ் டூ பாடம் தொடங்கிவிட்டார்களாமே? போதாததற்கு டாக்டர் நுழைவுத் தேர்வு ஒன்று, இன்ஜினியர் நுழைவுத் தேர்வு ஒன்று. ஆக நான்கு. நம் வம்சத்தில் ஹால் டிக்கெட் வருவதற்கு முன்னால் புத்தகத்தைத் திறந்தவர் எவரும் கிடையாது. நான் கெமிஸ்ட்ரியை மூன்று முறை எழுதினேன். மூன்றாவது முறை அவர்களே அலுத்துப்போய்ப் பாஸ் போட்டார்கள்.

ஊர்ச் செய்தி: மூன்றாம் நம்பர் அறையில் வாசுதேவநல்லூர்த் தம்பதி. அவர் தலையில் இருந்தது டோப்பா முடி. குளிக்கப் போகும்போது கழற்றி ஜன்னலில் வைத்திருக்கிறார். குரங்கு தூக்கிக்கொண்டு போய் சன்ஷேடில் உட்கார்ந்து, தன் தலையில் வைத்து அழகு பார்த்தது. கல்யாணமாகி ஒன்பது வருடமாம். அந்த அம்மாவுக்கே அன்றைக்குத்தான் தெரியும். குரங்கையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பதில் போடு.

உன் அப்பா,
நாறும்பூநாதன்

விடுதி
23.6.2024, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். இங்கே படிப்பு நன்றாகப் போகிறது. சாப்பாடும் நன்றாக இருக்கிறது, குறிப்பாக உப்புமா.

டோப்பா கதையை அறையில் சத்தமாக வாசித்தேன். ஏழு பேருக்கும் வயிறு வலிக்கச் சிரிப்பு. அப்புறம் என்ன ஆயிற்று? அந்த அம்மா அவரோடு ஊருக்குப் போனாளா? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்களே!

கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பார்க்க வேண்டாம். அழகாக எழுதினால் மதிப்பெண் என்று இங்கே எல்லாருக்கும் ஒரே கையெழுத்துப் பயிற்சி.

அம்மாவுக்கு என் அன்பு.

அன்பு மகள்,
பிரியா

குற்றாலம்
3.7.2024

அன்பு மகளே,

உன் கடிதத்தை நான் ஆறு தடவை படித்தேன். அம்மை இரண்டு தடவை படித்துவிட்டுச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். நான் அங்கிருந்து எடுத்து ஏழாவது தடவை படித்தேன்.

ஏட்டி, உப்புமா நன்றாக இருக்கிறதா? போன வருடம் அதைச் சிமெண்ட் என்று சொல்லித் தட்டைத் தள்ளிவிட்டது யார்? அடுத்தது கையெழுத்து. உன் கையெழுத்தைப் படிக்க மருந்துக்கடைக்காரர்தான் வர வேண்டும். பத்து நாளில் அச்சடித்த மாதிரி ஆகிவிட்டதா? மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமை போனில் நான் எண்ணினேன், பதினோரு "உம்". அதற்குமேல் "வைக்கட்டா". கடிதத்தில் விழுந்து விழுந்து சிரிக்கிறவள் போனில் ஏன் உம் கொட்ட வேண்டும்?

"பிள்ளைக்கு சளி பிடிச்சிருக்கும். நீங்க சும்மா கெடங்க" என்கிறாள் அம்மை. பக்கத்து லாட்ஜ் ஜெகதீஸ்வரன் அண்ணாச்சியோ, "வேய், அங்கன வார்டன் சொல்லச் சொல்லத்தான் பிள்ளைக எழுதும். எனக்கு எல்லாம் தெரியும்" என்கிறார். அவருக்கு எல்லாம் தெரியும் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் மனசில் உட்கார்ந்துவிட்டது. வார்டன் அம்மா, இதைப் படிக்கிறீர்கள் என்றால் உங்களுக்கும் வணக்கம். சீசனுக்கு வந்தால் அறை உண்டு.

பிரியா, ஒரே ஒரு கேள்வி. கோபம் வந்தால் நீ என்னை எப்படிக் கூப்பிடுவாய்? எழுது, பார்ப்போம். டோப்பாக்காரர் கதையின் மிச்சம் அதற்கு அப்புறம்தான்.

அப்பா

விடுதி
14.7.2024, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் கேள்விக்குப் பதில்: கோபம் வந்தால்தானே அந்தப் பெயர் வரும்? இப்போது கோபம் இல்லை. வந்ததும் எழுதுகிறேன்.

வார்டன் யார் கடிதத்தையும் பிரிப்பதில்லை, அவர்களுக்கு அதற்கு நேரம் கிடையாது. ஐந்து மணிக்கு மணியடித்தால் இராத்திரி பத்து வரை படிப்பு. காலையில் இந்த வருடப் பாடம், மத்தியானம் அடுத்த வருடப் பாடம், சாயங்காலம் நுழைவுத் தேர்வுகள். வாரத்துக்கு மூன்று டெஸ்ட்.

ஒன்று சொல்ல வேண்டும். என் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண். யாரோடும் பேச மாட்டாள். சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்துவிடுவாள். சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வருகிறது, யாரும் பார்ப்பதற்குள் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொள்வாள். எனக்கு அவளை நினைத்துக் கவலையாக இருக்கிறது. அவள் அப்பா ஒருமுறை வந்து பார்த்தால் தேவலை.

அன்பு மகள்,
பிரியா

குற்றாலம்
6.8.2024

அன்பு மகளே,

கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவிவிட்டாய். ஆடிக் கூட்டத்தில் எனக்கும் எழுத நேரமில்லை. சந்தேகம் மட்டும் நேரம் பார்த்து வந்துகொண்டிருக்கிறது. போன ஞாயிறு "உம்" ஒன்பதுதான். இரண்டு எங்கே போயிற்று?

அந்தப் பக்கத்துக் கட்டில் பெண் விஷயம். சொல்லுகிறேன் என்று கோபிக்காதே, அவளிடமிருந்து தள்ளியே இரு. இந்த மனச்சடைவு ஒட்டிக்கொள்கிற வியாதி. கட்டிலை மாற்றித் தரக் கேள்.

ஆனால் அவள் அப்பன் என்ன மாதிரி ஆள்? பிள்ளையைப் பெட்டியோடு இறக்கிவிட்டு ஊருக்கு வந்து, "எம் மக டாக்டருக்குப் படிக்கா" என்று டீக்கடையில் பீற்றிக்கொண்டு திரிகிறவனாகத்தான் இருப்பான். இப்படி ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். அவன் விலாசத்தை எழுதி அனுப்பு. உறைக்கிற மாதிரி இரண்டு வரி நான் எழுதுகிறேன்.

அப்பா

விடுதி
18.8.2024, ஞாயிறு

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

நீங்கள் கேட்ட விலாசம்:

நாறும்பூநாதன், லாட்ஜ் உரிமையாளர், ஐந்தருவி சாலை, குற்றாலம்.

என் பெயர் அலிமா. அச்சன்புதூர். பிரியாவுக்குப் பக்கத்துக் கட்டில். ஞாயிற்றுக்கிழமை நாலு மணி முதல் ஐந்து வரை இங்கே கடித நேரம். அதில் ஒரு டெஸ்ட் போட்டுப் பார்க்கலாமே என்று நாலு பேர் தங்கள் கடிதத்தை என்னிடம் தந்துவிடுவார்கள். பதிலுக்கு என் ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து தருவார்கள். பிரியா வரைந்த தவளை ரொம்ப நன்றாக இருந்தது.

உங்கள் கடிதங்களை அவள் பிரிப்பதே இல்லை. "நீயே படிச்சுப் பதில் போட்டுரு" என்பாள். நான் சத்தமாக வாசித்தால் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வாள். எனக்கு இப்படி யாரும் எழுதுவதில்லை, அதனால் நானும் ஆசைப்பட்டு எழுதிக்கொண்டே போய்விட்டேன். தப்புதான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

உப்புமா எனக்கு நிஜமாகவே பிடிக்கும்.

அலிமா

குற்றாலம்
1.9.2024

பிரியா,

நேற்று வந்துவிட்டுப் போனவன் எழுதுகிறேன். ஏழு மணி நேரம் பஸ்ஸில் பேச வேண்டியதை அடுக்கிக்கொண்டுதான் வந்தேன். உன் சடையைப் பார்த்ததும் அடுக்கினதெல்லாம் சரிந்துவிட்டது. ஊரில் என் வாயை மூட ஆளில்லை என்பார்கள். நீ பெஞ்சு விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாய், நான் உன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணிப் பார்த்தால் நேற்று "உம்" அதிகம் சொன்னது நான்தான்.

அம்மையிடம், "பிள்ளை மெலிஞ்சிருக்கா" என்று மட்டும் சொன்னேன். அவள் அப்போதே உனக்கு எண்ணெய் காய்ச்ச உட்கார்ந்துவிட்டாள்.

அந்த அப்பனுக்கு எழுதுவேன் என்று சொன்னேனே, எழுதிப் பார்த்தேன். ஒரு வரிகூட ஓடவில்லை. வார்டனைச் சந்தேகப்பட்டேன், உப்புமாவைச் சந்தேகப்பட்டேன். நான்கு பரீட்சையும் என் மகள் தூக்கிவிடுவாள் என்பதை மட்டும் சந்தேகமே படவில்லை. டீக்கடையில் பீற்றினதும் நிஜம்.

மார்க் கேட்க மாட்டேன். உன் கையால் ஒரு வரி எழுது. திட்டி எழுதினாலும் சரி.

அப்பா

விடுதி
8.9.2024, ஞாயிறு

லாட்ஜ்காரரே,

கோழி கிளறின மாதிரிதான் இருக்கும். மருந்துக்கடைக்காரர்ட்ட குடுத்து வாசிச்சுக்கோங்க.

நேரம் இல்லைன்னு அலிமாட்ட குடுக்கல. மொத ஞாயிற்றுக்கிழமை நான்தான் எழுத உக்காந்தேன். "நலம்"னு ஆரம்பிக்கணும்லா? அந்த ஒரு வார்த்தை என் கையில வரல. அவளுக்கு வந்துச்சு. அதான் குடுத்துட்டேன்.

நாலு என்னால முடியாது. ரெண்டு முடியும். இந்த வருசப் பாடத்த இந்த வருசம் படிக்கேன், டாக்டர் பரீட்சைக்கும் படிக்கேன். இன்ஜினியரு வேண்டாம். அடுத்த வருசப் பாடம் அடுத்த வருசம் வரட்டும். இங்க ஒத்துக்கலன்னா தென்காசியிலயே படிக்கேன். டீக்கடையில என்ன சொல்லுவீங்கன்னு நீங்களே யோசிச்சு வச்சுக்கோங்க.

உங்க லெட்டர் எல்லாத்தையும் நேத்து ஒரே மூச்சுல வாசிச்சேன். சிரிச்சதுல பக்கத்து ரூம்காரி எட்டிப் பாத்துட்டுப் போனா. அந்த அம்மா டோப்பாக்காரரோட ஊருக்குப் போனாளா இல்லையா? மூணு மாசமா அலிமா கேட்டுட்டே இருக்கா. நீங்க சொல்லவே இல்ல.

வர்ற சனிக்கிழமை அதச் சொல்ல வாங்க. எண்ணெய் ரெண்டு பாட்டிலா கொண்டாங்க. பெட்டி கட்டக் கயிறும் கொண்டாங்க, பேசிட்டு முடிவு பண்ணுவோம்.

உப்புமா சிமெண்ட்தான்.

பிரியா