அடிப்பக்கத்துக் கையெழுத்து

உன் முதலாம் ஆண்டு நினைவு அட்டை நேற்றுத் தபாலில் வந்தது. ‘கண்ணீர் அஞ்சலி’யில் ஒரு புள்ளி விழவில்லை. ‘அஞசலி’ என்று அச்சாகியிருக்கிறது. இருபத்தாறு வருடம் ஒரே பத்திரிகையில் பிழை திருத்தியவன் நீ. உன் படத்துக்கு நேர் கீழேயே ஒரு புள்ளி போய்விட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. நான் அதை அடக்கவில்லை.

ஸ்டெல்லா ஜன்னலோரம் உட்கார்ந்து விரல் நகப்பூச்சைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். வீடு முழுக்க அந்தத் திரவத்தின் நெடி.

“யாரு கார்டு?” என்றாள்.

உன் பெயரைச் சொன்னேன். “ஓ” என்று சொல்லி, புட்டியை மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உன்னைப் பற்றி எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

அட்டையோடு உன் மகன் ஒரு கடிதமும் வைத்திருந்தான். நினைவு மலர் போடுகிறார்களாம், நான் இரண்டு பக்கம் எழுத வேண்டுமாம். “அப்பாவை உங்களுக்குத்தான் அங்கிள் நல்லாத் தெரியும்” என்று எழுதியிருக்கிறான். அதில் பிழை ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்தேன், வந்தது இது. இதை அவனுக்கு அனுப்ப முடியாது. ஆகவே உனக்கு.

அது இரண்டாயிரமாவது வருடம். ஸ்டெல்லா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தாள். உடன் வேலை பார்க்கும் பெண்ணின் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரில் கார் பந்தயம் ஓட்டிவிட்டு வந்தவள், அதன்பின் வேறு எதையும் பேசவில்லை. ஸ்கூட்டி வாங்கச் சீட்டுப் போட்டிருந்தோம். “ஸ்கூட்டி வேணாம். அது வேணும்” என்றாள். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவள் தனக்கென்று வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

கம்பெனி மெஷின் எங்களுக்குக் கட்டாது. பாகம் பாகமாக வாங்கிக் கோத்தால்தான் முடியும். அலுவலகத்தில் கம்ப்யூட்டர் என்றால் எல்லோரும் உன் மேசைக்குத்தான் வருவார்கள். செய்திப் பிரிவிலிருந்து நானும் வந்தேன். நீ எங்கள் வீட்டுக்கே வந்து, நியூஸ்பிரிண்ட் தாளில் பிழை திருத்தும் சிவப்புப் பென்சிலால் பட்டியல் போட்டாய்.

“மானிட்டர் பதினாலு இஞ்ச் போதும் மச்சா.”

“பதினஞ்சு,” என்றாள் ஸ்டெல்லா.

“சிஸ்டர், ரெண்டுலயும் அதே கார்தான் ஓடும்.”

“பொம்மைக் கார் ஓட்டறதுக்கா சீட்டுப் பணத்தை எடுக்கறோம்? பதினஞ்சு எழுதுங்க.”

எழுதினாய். அதை ஈடுகட்ட கேபினட்டை மட்டமாக்கினாய், ஸ்பீக்கரை அடித்துவிட்டாய், ஹார்ட் டிஸ்கைப் பாதியாக்கினாய். கிராபிக்ஸ் கார்டையும் ப்ராசஸரையும் இரண்டு முறை வட்டமிட்டாய். “இந்த ரெண்டுலயும் கை வெக்கக் கூடாது. குறைக்கறதா இருந்தா கண்ணுக்குத் தெரியாத இடமாப் பாத்துக் குறைக்கணும்” என்றாய். கெட்டிக்காரன் என்று நினைத்தேன்.

கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குச் சனிக்கிழமை மதியம் போனோம். சந்துக்குள் பச்சைப் பலகை போட்ட சலீம் பாயின் கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில்தான் நிற்க வேண்டும். அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. விற்கிற ஒவ்வொரு பாகத்தையும் டப்பாவிலிருந்து எடுப்பார், புரட்டுவார், பச்சை மார்க்கரால் அடிப்பக்கத்தில் கொக்கி மாதிரி ஒரு கையெழுத்துப் போடுவார், மறுபடி டப்பாவில் வைப்பார். “வாரன்டிக்கு வந்தீங்கன்னா புரட்டிப் பாப்பேன் சார். என் கையெழுத்து இருந்தா என் சாமான், கேள்வி கேக்காம மாத்தித் தருவேன். இல்லேன்னா என் சாமான் இல்ல.”

“ப்ராசஸர்லயுமா பாய்?” என்று கேட்டேன்.

“அதுக்கு அடியில ஊசிக்கால் நடுவுல கொஞ்சம் இடம் இருக்கு சார். அது போதும் எனக்கு.”

அவர் ப்ராசஸர் டப்பாவைக் கையில் எடுத்தபோது என் பேஜர் அடித்தது. அலுவலகத்துக்குப் போன் பேச வெளியே போனேன். திரும்பி வந்தபோது எல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில் கட்டியாகிவிட்டது. “ஒக்கலிபுரத்துக்கு என் வீட்டுக்கே எடுத்துட்டுப் போறேன், கோத்துக் குடுத்துடறேன்” என்றாய். ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். இரண்டு நாளில் மெஷின் வந்தது.

கார் பந்தயம் மூன்றாவது சுற்றில் நின்றுவிடும். எந்தப் பாதை, எந்தக் கார் என்றாலும் சரி. முதல் இரண்டு சுற்று ஸ்டெல்லா பறப்பாள், மூன்றாவதில் படம் அப்படியே உறைந்துபோகும். கார் வளைவில் சாய்ந்தபடி நிற்கும். உனக்கு எத்தனை முறை போன் செய்தேன். “சிஸ்டர் ரொம்ப வேகமா ஓட்டறாங்க மச்சா” என்று சிரித்தாய். அடுத்த முறை விண்டோஸில் கோளாறு என்றாய். அதற்கடுத்த முறை எங்கள் தெருவின் கரண்ட் சரியில்லை என்றாய்.

ஸ்டெல்லா உன்னை நம்புவதை என்னைவிட முன்னதாக நிறுத்தினாள். மூன்றாவது சுற்றில் நிற்பதென்றால் ஏதோ சூடாகிறது, அவ்வளவுதான் என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கேபினட்டைத் திறந்தாள், விசிறியைக் கழற்றினாள், ப்ராசஸரைக் கையில் எடுத்தாள். சூட்டை விசிறிக்குக் கடத்த மேலே தடவி, காய்ந்து அப்பியிருந்த பசையை எடுக்க நகப்பூச்சு நீக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தாள். பசை போனது. கூடவே எழுத்தும் போனது. ஐந்நூறு மெகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தது பஞ்சில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. அழிந்த எழுத்தின் கீழே சுரண்டிய கோடுகள், அவற்றின் நடுவே அரைகுறையாக ஒரு நான்கு. குறைந்த வேகச் சிப்பைத் தேய்த்து, மேலே பெரிய எண்ணை அச்சடித்திருந்தார்கள்.

“உங்க பேப்பர் மாதிரியே இருக்கு,” என்றாள். “அச்சுல வந்துட்டா நம்பிடறது.”

உன்னிடம் கொண்டுவந்து காட்டினேன். நீ அதை வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாய். “பாய் நம்மள ஏமாத்திட்டாரு மச்சா” என்றாய்.

மறுநாள் நான் மட்டும் சலீம் பாயிடம் போனேன். அவர் சிப்பைக் கையில் வாங்கவே இல்லை. “புரட்டிப் பாருங்க சார்” என்றார். புரட்டினேன். ஊசிக்கால்களுக்கு நடுவே வெற்றிடம். கையெழுத்து இல்லை. “நான் குடுத்தது சீல் பிரிச்சுக் கையெழுத்துப் போட்ட பீஸ். இது யாருதுன்னு எனக்குத் தெரியாது” என்றார். உன்னிடம் வந்து சொன்னேன். “மாட்டறப்போ நான்தான் ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன், அழிஞ்சிருக்கும். திருட்டு மாலுன்னு தெரிஞ்சும் ஒத்துக்குவாரா?” என்றாய். மற்ற பாகங்களில் கையெழுத்து இருந்ததே என்று நான் கேட்கவில்லை. பத்து வருடப் பழக்கத்தில் உன்னைக் குறுக்கு விசாரணை செய்ய எனக்கு வரவில்லை. கடைக்காரரை விசாரிக்க வந்தது.

செய்தி எழுதினேன். எஸ்.பி. ரோட்டில் போலிச் சிப்புகள், வாங்குவோர் உஷார். கடையின் பெயர் போடவில்லை. சந்து இருக்கும் இடத்தையும் பச்சைப் பலகையையும் போட்டேன், அதுவே போதுமாயிருந்தது. அவர் சொன்ன கையெழுத்து விஷயத்தை விட்டுவிட்டேன், செய்தி குழம்பும் என்று. ப்ரூஃப் உன் மேசைக்கு வந்தது. ‘கடைகாரர்’ என்று விழுந்திருந்த இடத்தில் நடுவே ஒரு ‘க்’ சேர்த்து, கீழே உன் சுருக்கொப்பத்தைப் போட்டு அச்சுக்கு அனுப்பினாய். யார் கடைக்காரர், யார் திருடன் என்று அந்தக் கட்டடத்திலேயே தெரிந்த ஒரே ஆள் நீ. உனக்கு அந்த ஒற்றுத்தான் உறுத்தியது.

ஆசிரியர் பாராட்டினார். மொத்த வியாபாரிகள் சலீம் பாய்க்குச் சாமான் தருவதை நிறுத்தினார்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் பச்சைப் பலகை இறங்கிவிட்டது.

ஆறு வருடம் கழித்து நீ கூப்பிட்டாய். உன் வீட்டுக் கம்ப்யூட்டரில் விசிறி நின்றுவிட்டது, கரண்டும் இல்லை, வந்து டார்ச் பிடி என்றாய். வந்தேன். ரயில் போகும்போதெல்லாம் உன் அலமாரிக் கண்ணாடி அதிரும். நீ விசிறியைக் கழற்றினாய், பசை துடைப்பதற்காகச் சிப்பையும் கழற்றினாய், என் உள்ளங்கையில் வைத்து “இத கொஞ்சம் பிடி” என்றாய். ஏன் புரட்டினேன் என்று எனக்கே தெரியாது. அடியில் பச்சையில் ஒரு கொக்கி.

நீ அதை மறந்தே போயிருந்தாய். அதைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. பயந்து ஒளித்துவைத்திருந்தால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும்.

டார்ச்சை உன் முகத்தில் அடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு பேசினாய். “நானும் ஏமாந்தவன்தான் மச்சா. வேற கடையில அந்தப் போலிய எனக்கு மொதல்ல தள்ளிட்டாங்க. ஆபீஸ்ல எல்லாரும் எங்கிட்டதான் கேக்க வராங்க, நானே ஏமாந்தேன்னு வெளிய சொல்ல முடியுமா? உன்னுது வந்துச்சு, மாத்திட்டேன். மெதுவா ஓடும், உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்.”

“சலீம் பாய்?”

“அது நீ எழுதினது.” பிறகு கொஞ்சம் தைரியம் வந்தவனாக, “அந்த நியூஸ்ல உனக்குப் பேரு வந்துச்சுல்ல? விடு மச்சா, பழைய கதை” என்றாய்.

சிப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். டார்ச்சையும் எடுத்துக்கொண்டேன், அது என்னுடையது. அதன்பின் உன் வீட்டுப் படியை நான் மிதிக்கவில்லை. உன்னைத் தூக்கிய அன்றும் வரவில்லை.

ஆசிரியரிடம் திருத்தம் போடக் கேட்டேன். “ஆறு வருஷத்துக்கு முந்தின செய்திக்கு யாருய்யா திருத்தம் போடுவா?” என்றார். சலீம் பாயைத் தேடிப் பிடிக்க நாலு மாதம் ஆயிற்று. சிவாஜிநகர் பஸ் நிலையத்துக்கு வெளியே தள்ளுவண்டியில் செல்போன் கவர் விற்றுக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். சிப்பை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

“என்னோடதுதான்,” என்று திருப்பிக் கொடுத்தார். “இத வெச்சு இப்ப என்ன சார் பண்றது? இன்னிக்கு வர்ற எந்த மதர்போர்டுலயும் இது உக்காராது.”

மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒரு கவரைத் துணியால் துடைத்து மாட்டினார். “எனக்குத் தமிழ் படிக்க வராது சார். நீங்க எழுதினத பக்கத்துக் கடை முருகன்தான் படிச்சுக் காட்டினாரு. ஒரு தடவை படிச்சாரு. நம்பல. ரெண்டாந்தடவை படிக்கச் சொன்னேன்.”

உன் மகனுக்கு, உடல்நிலை சரியில்லை, எழுத இயலவில்லை என்று இரண்டு வரி எழுதிவிட்டேன். மலரில் மற்றவர்கள் எழுதுவார்கள், ஓர் ஒற்றைக்கூட விடாதவர் என்று. அதுவும் உண்மைதான்.

இப்போது எது கைக்கு வந்தாலும் புரட்டிப் பார்க்கிறேன். காய்கறிக் கடையில் தக்காளியை, பாங்கில் ரசீதை. ஸ்டெல்லா கேலி செய்வதை நிறுத்திவிட்டாள். உன் அட்டையையும் புரட்டினேன். பின்பக்கம் வெற்றாக இருந்தது. பேனாவை எடுத்து அதில் எழுதினேன்:

‘திருத்தம்: எஸ்.பி. ரோட்டுப் போலிச் சிப் பற்றி நாங்கள் வெளியிட்ட செய்தி தவறு. பச்சைப் பலகைக் கடையில் விற்கப்பட்ட சிப் அசலானது. அதை மாற்றியவர் எங்கள் அலுவலகத்தைச் சேர்ந்தவர். விசாரிக்காமல் எழுதியவனும் எங்கள் அலுவலகத்தைச் சேர்ந்தவன்.’

முன்பக்கத்தில் விட்டுப்போன புள்ளியை நான் வைக்கவில்லை.

நாளை இங்கே சந்தாபுராவிலிருந்து முதல் பஸ்ஸில் சிவாஜிநகர் போகிறேன். மேம்பாலத் தூண் வேலையில் ஓசூர் ரோடு நகராது, மூன்று மணி நேரம் ஆகலாம். சிப் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. சலீம் பாயிடம் இந்த அட்டையைப் படித்துக் காட்டப்போகிறேன். இரண்டு தடவை.