இல்லாத பள்ளம்

27 நவம்பர் 2024, புதன்

மழை. இட்லி மாவு பொங்கவே இல்லை. சாலவாக்கம் போக பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தேன். பெஞ்சுக்கு இவர் புதுப் பெயிண்ட் அடித்துக் கொடுத்திருப்பது நினைவில்லை. ‘உபயம்: கோ. சுகுமார்’ என்பது என் முதுகில் இடவலம் மாறி ஒட்டிக்கொண்டது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம், இப்போதுதான் எழுத்துப்பூர்வமாக ஆனது.

30 நவம்பர், சனி

புயல். கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் தீரும்வரை, யாரோ ஜீப்பில் ஆற்றைக் கடக்கிற வீடியோவை இவர் பார்த்துக்கொண்டிருந்தார். “நம்ம வண்டியும் இதே மாரிதான்” என்றார். வண்டி அப்படி இருக்கலாம், ஓட்டுகிறவர்?

2 டிசம்பர், திங்கள்

ஏரி நிரம்பி வழிந்து கோடி போகிறது. கோடி போனால் தண்ணீர் வழியும் கலங்கலில் கங்கையம்மனுக்குப் புடவை, வளையல், மஞ்சள் குங்குமம் விடுவது இவர்கள் குடும்பத்து வழக்கம். கரைமேல் நடந்தால் பத்து நிமிஷம். எங்கள் வீட்டுத் துரை நடப்பாரா? “ஏரிக்குள்ள ஓரமாவே பூடலாம், முட்டிக்கால் தண்ணிதான்.” மூடி இல்லாத ஜீப்பில் பட்டுப்புடவையோடு நான், மடியில் தாம்பாளம். கரையில் ஊரே நிற்கிறது, ஆளுக்கொரு போன்.

பாதி வழியில் ஜீப் மூக்குக் குப்புற இறங்கியது. பானெட்டுக்கு மேல் தண்ணீர். இரண்டு இருமல் இருமிவிட்டு இஞ்சின் நின்றது. இவர் சாவியைத் திருகினார். டக். மறுபடி திருகினார். டக்.

சாலவாக்கத்தில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் டேனியல் கரையிலிருந்து கத்தினான். “சார், செல்ப் அடிக்காதீங்க! அப்பிடியே வுட்டுட்டு எறங்குங்க சார்!”

“அவன் இன்னாடி எனக்குச் சொல்றது?” என்று இன்னும் நாலு தடவை திருகினார்.

அதற்குள் புடவையும் பூவும் என் மடியிலிருந்தே மிதந்து போய்விட்டன. அம்மனுக்கு முறை போய்ச் சேர்ந்தது. எங்களைத்தான் டிராக்டர் கட்டி இழுத்தார்கள்.

3 டிசம்பர்

திருஷ்டியாம். ஜீப்புக்குப் பூசணிக்காய் உடைத்தார். ஸ்டார்ட் ஆகவில்லை.

5 டிசம்பர், வியாழன்

டேனியல் ஷெட்டில் இஞ்சினைப் பிரித்துவிட்டார்கள். டீசல் நாசிலைக் கழற்றி இஞ்சினைச் சுற்றியதும் தண்ணீர் பீச்சி அடித்ததாம். ஆயில் டீ நிறத்தில் வந்தது. “பிஸ்டன் காத்த அமுக்கும் சார், தண்ணிய அமுக்குமா? அன்னிக்கே வுட்டுக்கீனும். செல்ப் அடிச்சி அடிச்சி ராடு வளைஞ்சி பூடுச்சி” என்றான் டேனியல். இவர் வளைந்த ராடைக் கையில் வாங்கி, கம்பெனி மட்டமான இரும்பு போட்டுவிட்டது என்றார். டேனியல் என்னைப் பார்த்தான். நான் ஆயில் டப்பாவைப் பார்த்தேன்.

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். முட்டிக்கால் தண்ணீரில் பானெட் முழுகும் பள்ளம் எப்படி வந்தது? வைகாசியில் ஏரி வண்டல் அள்ள அனுமதி வாங்கினாரே, அந்தப் பள்ளம்தான். அனுமதி முழங்கால் ஆழத்துக்கு, தோண்டியது ஆள் ஆழத்துக்கு. எங்கள் நிலத்துக்கு வந்தது கொஞ்சம், செங்கல் சூளைக்குப் போனது மீதி. அந்த மண்தான் ஜீப்பாக வாசலில் நின்றது. அடையாளத்துக்கு இருந்த ஒரே கருவேல மரத்தையும் பொக்லைனுக்கு இடைஞ்சல் என்று சாய்க்கச் சொன்னார். தண்ணீர் மூடியதும் தோண்டியவருக்கே இடம் தெரியவில்லை.

7 டிசம்பர்

இன்ஷூரன்ஸ்காரர் எப்படி நடந்தது என்று எழுதித் தரச் சொன்னாராம். இவர் ‘எதிர்பாராத பள்ளம்’ என்று எழுதினார். பள்ளம் யார் தோண்டியது என்று கேட்பார்களே — கிழித்தார். ‘பள்ளம் ஏதுமில்லை’ என்று எழுதினார். அப்புறம் வண்டி எப்படி முழுகியது — அதையும் கிழித்தார். இரண்டு தாள் வீண். சிரிப்பு வந்துவிடப் போகிறதென்று அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன்.

9 டிசம்பர், திங்கள்

மலர்க்கொடி வந்தாள். எங்கள் நடவுக்கு வருகிறவள். காலனிப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு ஏரி ஓரத் தண்ணீரில் இறங்கித்தான் குறுக்கே போகிறார்கள். ரோட்டு வழி சுற்று.

“ஐயா, அந்த எடத்துல ஒரு கொம்பாச்சும் நட்டு வையுங்க. எங்க ஜெனிஃபரு அந்தாண்டதான் போவுது.”

“அங்க பள்ளமே இல்ல, போ.”

“பள்ளமே இல்லன்னா வண்டி இன்னாத்துல எறங்கிச்சி ஐயா? ஜீப்பே முயுசா உள்ள போச்சி. எங்க புள்ளைங்க இன்னா ஒசரம் கீது?”

இவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். எந்த வாயால் உண்மையைச் சொல்வேன்? தோண்டிய அன்று பொக்லைன்காரனுக்கு மோர் கரைத்துக் கொடுத்தவள் நான். சீ. என்ன ஜென்மம் நான்.

10 டிசம்பர்

தூங்கவில்லை.

12 டிசம்பர், வியாழன்

இவர் உபயங்களுக்கெல்லாம் பெயர் எழுதும் பெயிண்டர் தமிழரசனிடம் போனேன். ‘ஆபத்து. ஆழமான பள்ளம். இறங்காதீர்கள்’ என்று ஒரு தகரப் பலகை கேட்டேன். அவன் பழக்க தோஷத்தில், “கீய சார் பேர்ல உபயம் போட்டுடட்டாக்கா?” என்றான்.

கொஞ்சம் யோசித்தேன். இந்தப் பள்ளத்துக்கு இவரைவிட்டால் வேறு யார் உபயம்?

“போட்டுடு. பெருசாவே போடு” என்றேன்.

15 டிசம்பர், ஞாயிறு

மழையில் தண்ணீர் கலங்கி, பள்ளம் எங்கே என்றே தெரியவில்லை. நானும் மலர்க்கொடியும் குத்துமதிப்பாக ஓர் இடத்தில் பலகையை நட்டோம். சாயங்காலத்துக்குள் ஊரே படித்துவிட்டது. டீக்கடையில் சிரித்த சிரிப்பு வீடு வரை கேட்டது. இவர் வந்தார். சாப்பிட்டார். படுத்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பயமாகத்தான் இருக்கிறது.

17 டிசம்பர், செவ்வாய்

விடிந்ததும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஏரிப் பக்கம் போனார். பிடுங்கப் போகிறார் என்று நினைத்தேன். தடுக்கப் போகவும் தைரியம் வரவில்லை.

எட்டு மணிக்கு மார்பு வரை நனைந்து திரும்பினார், கையில் ஆழம் பார்த்த நீளமான சவுக்குக் கழி. “தப்பான எடத்துல நட்டு வெச்சிக்கீற. உன் போர்ட நம்பி நடந்தா புள்ளைங்க நேரா உள்ளதான் போவும்” என்றார். துண்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார்.

போய்ப் பார்த்தேன். பலகை நாங்கள் நட்ட இடத்திலிருந்து இருபதடி தள்ளி நிற்கிறது. பள்ளத்தைச் சுற்றி எட்டு சவுக்குக் கொம்புகள், ஒவ்வொன்றிலும் சிவப்புத் துணி. ஜீப் சீட்டு உறையைக் கிழித்திருக்கிறார். உபயம் வரியைச் சுரண்டியிருப்பார் என்று நினைத்தேன். அப்படியே இருந்தது.

பள்ளிக்கூடப் பையோடு ஜெனிஃபர் கொம்புகளுக்கு வெளியே சுற்றிப் போனாள். தண்ணீர் அவள் முட்டிக்குக் கீழேதான் இருந்தது.