ஆடிய பேசின் கல்

சனி, இரவு

குளியலறை பேசினைத் தாங்கும் கல் பலகை ஒரு வாரமாக ஆடுகிறது. மட்டமான வேலை என்று கான்ட்ராக்டரைத் திட்டிக்கொண்டே இன்று பழைய சிலிக்கான் பசையைச் சுரண்டினேன். அத்தா வாசலில் வந்து நின்றார்.

"அவரத் திட்டாதம்மா. தொழுகைக்கு ஒளு செய்யும்போது நான்தான் கால பேசின்ல தூக்கி வச்சுக் கழுவுறேன்."

"ஆபரேஷன் பண்ண காலையுமா?"

"அதையும்தான் லா."

மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு, தொழுகைக்கு முன் அவர் காலில் நான்தான் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவேன். போன வாரம் "இனிமே நானே பாத்துக்கிறேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டார். என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்து, ஒரு வாரமாக நானும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு எப்போதும் இந்தப் புத்திதான்.

வழுக்கினால் என்ன ஆகும் என்ற பயம் இருக்கிறது. ஆனாலும் அது கோபம் இல்லை, தானே செய்துகொள்ளும் ஆசைதான் என்று தெரிந்தபின் திட்ட வாய் வரவில்லை. மார்சிலிங்கில் உள்ள இரும்புச் சாமான் கடைக்குப் போய் இரும்புத் தாங்கி கேட்டேன். ஒன்று போதும் என்றார் கடைக்காரர். இரண்டு வாங்கிவந்து கல்லுக்கு அடியில் முடுக்கினேன். பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பியும் மாட்டினேன்.

புது சிலிக்கான் காய நாளை மாலை ஆகும். அதுவரை பழையபடி நான்தான் தண்ணீர் ஊற்றவேண்டும். அதுவே கடைசித் தடவையாக இருக்கட்டும்.